டி.ஆர்.ஓ. வாங்குங்கள், டர்னரை அனுப்பாதீர்கள்



இது நீண்ட பதிவு. காபியைக் கலந்து எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். லேத், பட்டறை என்றதும் நமக்கென்ன என்று தாண்டிப் போகிறவர்கள், நடுவில் லிஃப்ட் பற்றி எழுதியிருப்பதையாவது படியுங்கள். அது அடுக்ககத்தில் இருக்கும் சித்திக்கும் பெரியப்பாவுக்கும் வேண்டிய விஷயம்.

கே.கே. நகரில் இருந்துகொண்டு பட்டறைகளைத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அசோக் பில்லரைத் தாண்டினால் ஈக்காட்டுத்தாங்கல், அதைத் தாண்டினால் 1958-இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டை. இன்று கண்ணாடிக் கட்டடங்களும் மெட்ரோ நிலையமும்தான் கண்ணில் படுகின்றன. ஆனால் உள்தெருக்களில் இன்னமும் தகரக் கூரைக்கு அடியில் நாலு லேத், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங் என்று ஜாப் ஒர்க் நடக்கிறது. நம் பள்ளியில் படித்த பிள்ளைகளில் பலருக்கு முதல் சம்பளம் கொடுத்த இடம் அது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்து இயந்திரங்களை மூழ்கடித்த பிறகும் எழுந்து நின்ற இடமும் அதுதான்.

அங்கே பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன மாதம் கூப்பிட்டிருந்தான். பெயர் போடவில்லை. இதை அவனே படிப்பான். இரண்டு லேத்துக்கும் ஒரு மில்லிங் மெஷினுக்கும் புதிதாக டி.ஆர்.ஓ. போட்டிருக்கிறான். இயந்திரத்தின் நகரும் பாகம் எங்கே இருக்கிறது என்பதை எண்ணாகத் திரையில் காட்டும் பெட்டிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் டி.ஆர்.ஓ. அதற்குக் கீழே இயந்திரத்தின் நீளத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. அதன்மேல் தொடாமல் ஊர்ந்துபோகும் ஒரு சின்னத் தலை. கைச்சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினாலும் திரையில் மைக்ரான் கணக்கில் எண் ஓடுகிறது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான்.

"கண்ணாடி ஸ்கேல் இல்ல டீச்சர், மேக்னடிக். உள்ளே வெறும் காந்தம்தான். நீங்க சொல்லிக் கொடுத்த அதே வடக்கு தெற்கு" என்றான் பெருமையாக. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்து அவன் சொன்னதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். அவனிடம் 26 வருடமாக இருக்கும் மூத்த டர்னரைப் பொங்கலோடு நிறுத்திவிடப் போகிறானாம். "இனிமே நம்பரைப் பார்த்து ஓட்டினா போதும் டீச்சர். ஐ.டி.ஐ. முடிச்ச பையன் பாதிச் சம்பளத்துக்கு வர்றான்."

அவனோடு அன்று ஒரு மணி நேரம் வாதாடினேன். அவன் ஒருவனுக்கு மட்டுமான வாதம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். உங்களில் பட்டறை வைத்திருப்பவர்களும், கம்பெனியில் 'ஆட்டோமேஷன்' என்று கையெழுத்துப் போடும் நிலையில் இருப்பவர்களும் நிறையப் பேர்.

முதலில் அவன் செய்த நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பழைய லேத்தை எடைக்குப் போடாமல் அதற்கு டி.ஆர்.ஓ. போட்டது சரி. அதிலும் காந்தப் பட்டையைத் தேர்ந்தெடுத்தது மிகச் சரி.

உங்களுக்குத் திருகு அளவி ஞாபகம் இருக்கிறதா? புரிக்கோல், தலைக்கோல், மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர், சுழிப்பிழை கூட்டலா கழித்தலா என்று தலையைச் சொறிந்தீர்களே, அதேதான். பழைய லேத்தில் அளவு பார்ப்பதும் அந்த முறையில்தான். கைச்சக்கரத்தோடு ஒரு திருகு சுழலும், சக்கரத்தின் டயலில் கோடுகள் இருக்கும். எத்தனை கோடு திருப்பினோமோ அத்தனை தூரம் டூல் நகர்ந்தது என்று கணக்கு. திருகு புதிதாக இருக்கும்வரை இது பிரமாதம். இருபது வருடம் ஓடிய பிறகு திருகுக்கும் நட்டுக்கும் நடுவே தேய்ந்து இடைவெளி விழுந்துவிடும். பட்டறையில் அதை 'பிளே' என்பார்கள். சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பினால் டயல் கால் சுற்று நகரும், டூல் அசையாது. டயல் பொய் சொல்லும்.

காந்தப் பட்டை திருகைக் கேட்பதே இல்லை. நகரும் ஸ்லைடையே நேராகப் பார்த்து எண் சொல்கிறது. திருகு எவ்வளவு தேய்ந்திருந்தாலும் கவலை இல்லை. ஒரு பழைய எச்.எம்.டி. லேத்துக்கோ கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. லேத்துக்கோ இதைவிடக் குறைந்த செலவில் உயிர் கொடுக்க முடியாது.

இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமல் போனால் டீச்சருக்குத் தூக்கம் வராது.

பழைய கேசட் டேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பழுப்பு நாடாவில் காந்தமாகப் பாட்டைப் பதிந்து வைத்திருப்பார்கள். நாடா ஓடும்போது ஒரு தலை அதைப் படிக்கும். காந்த அளவுப் பட்டையும் அதற்கு நெருங்கிய உறவு. பாட்டுக்குப் பதிலாக வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று ஒரே சீரான இடைவெளியில் பதிந்திருக்கும். உறவு என்று சும்மா சொல்லவில்லை. ஜப்பானில் டேப் ரிக்கார்டர் செய்துகொண்டிருந்த சோனி நிறுவனம்தான் அந்தத் திறமையை வைத்துக் காந்த அளவுகோல் செய்தது. 1969-இல் 'மேக்னஸ்கேல்' என்று தனி நிறுவனமே தொடங்கினார்கள். நாம் வீட்டில் பாட்டுக் கேட்ட தொழில்நுட்பம் இயந்திரத்துக்கு அளவுகோலாகப் போயிருக்கிறது.

ஒரு துருவம் 2 மில்லிமீட்டர் அகலம் என்று வையுங்கள். ஒரு வடக்கும் ஒரு தெற்கும் சேர்ந்து 4 மில்லிமீட்டர். அதைக் கொண்டு மைக்ரான் எப்படிச் சொல்ல முடியும்? வகுப்பில் இருந்தால் இந்த இடத்தில் ஒருவராவது கையைத் தூக்கியிருப்பீர்கள்.

பட்டையின்மேல் தலை நகரும்போது காந்தப்புலம் சட்டென்று மாறுவதில்லை. அலைபோல் ஏறி இறங்குகிறது. சிவன் பார்க் ஊஞ்சலை நினையுங்கள். ஊஞ்சல் உச்சிக்குப் போகும்போது ஒரு கணம் நின்றதுபோல் இருக்கும். அங்கே அது கொஞ்சம் நகர்ந்தாலும் நமக்குத் தெரியாது. நடுவில் கடக்கும்போது அதிவேகமாகப் போகும், சின்ன நகர்வும் பளிச்சென்று தெரியும். அதனால் தலைக்குள் இரண்டு உணரிகளை ஒரு மில்லிமீட்டர் தள்ளி, அதாவது அலையின் கால்பங்கு தூரத்தில் வைக்கிறார்கள். ஒன்று உச்சியில் மந்தமாக இருக்கும் நேரத்தில் மற்றது நடுவில் கூர்மையாக இருக்கும். ஒன்று சைன், மற்றது கொசைன். இரண்டின் விகிதத்தை வைத்து, அந்த 4 மில்லிமீட்டருக்குள் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று ஒரு சில்லு கணக்குப் போட்டுவிடுகிறது. 4 மில்லிமீட்டரை 4000 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். இரண்டில் எது முந்துகிறது என்று பார்த்தால் இடமா வலமா என்பதும் தெரிந்துவிடும்.

"சைன் தீட்டாவும் காஸ் தீட்டாவும் வாழ்க்கையில எதுக்கு மிஸ்?" என்று கேட்ட பிள்ளைகளுக்கு, கொஞ்சம் தாமதமாக, இதுதான் பதில்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் வேறு. பட்டையிலிருந்து தலை விலக விலகக் காந்தப்புலம் மளமளவென்று குறையும். 4 மில்லிமீட்டர் அலைக்கு, ஒரு மில்லிமீட்டர் விலகினாலே கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்காகிவிடும். அப்படியானால் இயந்திரம் கொஞ்சம் ஆடினாலே எண் தப்பாகிவிடாதா? ஆகாது. குறையும்போது சைனும் கொசைனும் ஒரே அளவில் குறைகின்றன. விகிதம் மாறுவதில்லை. ரசத்தில் தண்ணீர் விட்டால் உப்பும் புளியும் சேர்ந்தே நீர்த்துப் போவதுபோல.

கண்ணாடி அளவுகோல் இதைவிடத் துல்லியமானது, அதில் சந்தேகம் வேண்டாம். கண்ணாடியில் 20 மைக்ரான் இடைவெளியில் கோடு போட்டு ஒளியால் படிக்கிறார்கள். ஆனால் ஒளிக்கு வழி சுத்தமாக இருக்க வேண்டும். நம் தகரக் கூரைப் பட்டறையில் கூலன்ட் தெறிக்கும், எண்ணெய்ப் புகை படியும், ஐப்பசியில் ஈரம் வியர்க்கும். கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் விழுந்தால் எண் குதிக்கத் தொடங்கிவிடும். காந்தத்துக்கு எண்ணெயும் தண்ணீரும் வெறும் காற்றுபோல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடி துடைக்க ஆள் கூப்பிடுகிற பட்டறைக்கு, கொஞ்சம் துல்லியம் குறைந்தாலும் நாள் முழுக்க உண்மை சொல்லும் பட்டைதான் மேல் என்பது என் கட்சி.

காந்தத்துக்கும் குறை உண்டு. இரும்புச் சீவல் போய் ஒட்டிக்கொள்ளும், தினமும் துடைக்க வேண்டும். டயல் கேஜ் நிற்க வைக்கும் மேக்னடிக் பேஸை மறந்து பட்டையின்மேல் வைத்துவிட்டால் அந்த இடத்தில் பதிவு கெட்டுவிடும். பாட்டுக் கேசட்டை ஸ்பீக்கர்மேல் வைத்துக் கெடுத்தவர்களுக்கு இது புரியும். பக்கத்தில் வெல்டிங் வைத்துக்கொள்ளக் கூடாது. என் மாணவனின் பட்டறையில் வெல்டிங் செட் லேத்திலிருந்து ஆறடியில் இருக்கிறது. தம்பி, அதை முதலில் நகர்த்து.

சிலர் போனில் கேட்டீர்கள்: சீனா காந்தத்தை நிறுத்திவிட்டதாமே, இதெல்லாம் கிடைக்காமல் போகுமா என்று. 2025 ஏப்ரலில் சீனா கட்டுப்பாடு விதித்தது சமாரியம், டிஸ்ப்ரோசியம் உள்ளிட்ட ஏழு அரிய மண் உலோகங்களுக்கும் அவற்றைச் சேர்த்துச் செய்யும் காந்தங்களுக்கும். மின்சார வண்டி மோட்டார்களுக்கு அந்தக் காந்தம் வேண்டும், அதனால் நம் வண்டிக் கம்பெனிகள் திணறின. இந்த அளவுப் பட்டைகளில் பெரும்பாலும் இருப்பது ஃபெரைட், அதாவது இரும்பு ஆக்சைடோடு பேரியமோ ஸ்ட்ரான்ஷியமோ சேர்த்து ரப்பரில் குழைத்தது. ஃபிரிட்ஜ் கதவு ரப்பருக்குள் இருக்கும் காந்தத்தின் ஜாதி. அதற்குப் பஞ்சமில்லை. படிக்கும் சில்லுதான் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலேயே அரிய மண் இருக்கிறது என்பதையும், அதைத் தோண்டுவதில் அங்கிருக்கும் மக்களுக்கு இருக்கும் நியாயமான அச்சத்தையும் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். அது தனி ராமாயணம்.

இப்போது டர்னர் விஷயத்துக்கு வருகிறேன்.

திரையில் மைக்ரான் தெரிகிறது என்பதால் வேலை மைக்ரானில் வந்துவிடும் என்று என் மாணவன் நினைக்கிறான். வெர்னியர் நடத்தும்போதே இதைச் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு சின்ன எண்ணைக் காட்ட முடியும் என்பது மீச்சிற்றளவு. காட்டும் எண் எவ்வளவு உண்மை என்பது வேறு. கையில் விநாடி முள் ஓடும் கடிகாரம் கட்டியிருப்பவர் சரியான நேரத்துக்கு வந்துவிடுவார் என்று சொல்ல முடியுமா? கல்யாண முகூர்த்தத்துக்கு நம் சொந்தக்காரர்கள் வந்து சேரும் அழகு உங்களுக்கே தெரியும்.

அந்தப் பட்டை சொல்வது ஒன்றே ஒன்று: ஸ்லைடு எங்கே இருக்கிறது. டூலின் முனை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஜாப் எப்படி இருக்கிறது என்று தெரியவே தெரியாது.

டூல் முனை வெட்ட வெட்டத் தேய்கிறது. 10 மைக்ரான் தேய்ந்தால் உருளையின் விட்டம் 20 மைக்ரான் பெருத்துவிடும், ஏனென்றால் லேத்தில் ஆரத்தில் வரும் பிழை விட்டத்தில் இரட்டிப்பாகும். திரையில் எண் அப்படியே நிற்கும். மூத்த டர்னர் திரையைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பதில்லை. சீவல் சுருளும் விதம் மாறும், சத்தம் மாறும், பளபளப்பு மங்கும். அவர் டூலை மாற்றிவிடுவார்.

நீளமான மெல்லிய ஷாஃப்டைக் கடையும்போது நடுவில் அது டூலுக்குப் பயந்து பின்வாங்கும். இரண்டு ஓரமும் சரியாக இருக்கும், நடுவயிறு பெருத்திருக்கும். திரையில் மூன்று இடத்திலும் ஒரே எண். எங்கே தாங்கல் கொடுக்க வேண்டும், எங்கே வெட்டைக் குறைக்க வேண்டும் என்பது கை அறிந்த விஷயம். பழைய லேத்தில் சக்குக்குப் பக்கத்தில்தான் பெட் அதிகமாகத் தேய்ந்திருக்கும், ஏனென்றால் முக்கால்வாசி வேலை அங்கேதான் நடக்கும். ஸ்லைடு அங்கே வரும்போது லேசாகத் தலை குனிகிறது. பட்டை நீளவாக்கைத்தான் படிக்கும், குனிவது அதற்குத் தெரியாது.

இந்தக் கடைசி விஷயத்துக்கு 1890 வாக்கிலேயே ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் அபே என்பவர் விதி சொல்லிவிட்டார்: அளக்கும் பொருளும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். திருகு அளவியில் அப்படி இருக்கிறது. வெர்னியரில் இல்லை, தாடை ஒரு பக்கம், அளவுகோல் ஒரு பக்கம். அதனால்தான் வெர்னியரை அழுத்திப் பிடித்தால் அளவு மாறும். லேத்திலும் பட்டை ஓர் ஓரத்தில், டூல் இன்னோர் இடத்தில். நடுவே இருக்கும் தூரத்தில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறதோ அவ்வளவும் கணக்கில் வராமல் ஜாப்பில் போய் விழும்.

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலகம் முழுவதும் நீள அளவுகளுக்கு ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. சித்திரை மாதத்து ஈக்காட்டுத்தாங்கல் ஷெட்டில் 20 டிகிரியைக் கனவில்தான் பார்க்கலாம். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 11 முதல் 12 மைக்ரான் நீளும். 50 மில்லிமீட்டர் ஷாஃப்ட் வெட்டி முடித்த சூட்டில் 60 டிகிரியில் இருக்கிறது, அளக்கும் மைக்ரோமீட்டர் 35 டிகிரியில் இருக்கிறது என்றால், ஆறிய பிறகு விட்டம் 14 மைக்ரான் சுருங்கும். பேரிங் ஏறும் ஷாஃப்டுக்கு 'ஹெச் 6' என்று வரைபடத்தில் போட்டிருந்தால், 50 மில்லிமீட்டருக்கு அவர்கள் அனுமதிக்கும் மொத்த இடைவெளியே 16 மைக்ரான்தான். திரையில் எண் மிகச் சரி. ஜாப் ரிஜெக்ட். மூத்தவர் ஒரு பீடி நேரம் காத்திருந்து அளப்பார். (பீடியை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன், மகிழ்ச்சி. காத்திருப்பதை விடவில்லை.)

இதையெல்லாம் சொன்னபோது என் மாணவன், "பையனுக்கு ஆறு மாசத்துல வந்துடும் டீச்சர்" என்றான். யார் சொல்லிக் கொடுத்து வரும் என்று கேட்டேன். அவரை நிறுத்திவிட்டால் யாரைப் பார்த்துப் படிப்பான் அந்தப் பையன்? அந்தத் திரை அவனுக்கு எதையும் சொல்லிக்கொடுக்காது, கேட்டால் எண்ணை மட்டும் காட்டும்.

அவன் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். போன வருடம் 30 மைக்ரான் வித்தியாசத்தில் அவனுக்கு ஒரு பெரிய ஆர்டர் திரும்பி வந்தது. பொருள் நஷ்டம், பெயர் நஷ்டம். வங்கித் தவணை வேறு. பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது, டயல் கோடு தெரிவதில்லை. இரண்டு முறை எண்ணித் தவறவிட்டார். உண்மைதான். ஆனால் டயல் கோடு தெரியாதவருக்குப் பெரிய சிவப்பு எண்ணாகக் காட்டும் பெட்டியைத்தானே வாங்கியிருக்கிறான்! அந்தப் பெட்டி யாருக்கு முதலில் தேவைப்பட்டதோ, அது வந்த மாதமே அவரை வெளியே அனுப்புவது என்ன கணக்கு? அவருடைய கண்ணுக்கு வயதாகிவிட்டது, கைக்கும் காதுக்கும் ஆகவில்லை. போன பழுதைக் காந்தம் சரிசெய்துவிட்டது. இன்னும் ஏழெட்டு வருடம் அவர் வேலை செய்யலாம், அதற்குள் இரண்டு பையன்களைத் தயார் செய்துவிடுவார்.

சம்பளம் கட்டாது என்றால், மூத்தவரை லேத்தில் நிறுத்தாமல் காலையில் செட்டிங், முதல் ஜாப் சரிபார்ப்பு, பையனுக்குப் பயிற்சி என்று அரைநாள் வைத்துக்கொள் என்றேன். பதில் சொல்லவில்லை. டீ வரவழைத்தான். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது, யோசிக்கட்டும். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களும் யோசியுங்கள்.

லிஃப்ட் என்றேனே. நம் பகுதியில் ஹவுசிங் போர்டு வீடுகளும் தனி வீடுகளும் இடிந்து அடுக்ககமாகிக்கொண்டே வருகின்றன, லிஃப்ட் இல்லாத வீட்டில் வயதானவர்கள் இருக்க முடியாது. பல லிஃப்டுகளில், மாடிக்கு மாடி காந்தம் பொருத்தியிருப்பார்கள். கூண்டில் இருக்கும் காந்த ஸ்விட்ச் அதைக் கண்டதும் 'மாடி வந்துவிட்டது' என்று சொல்லும். எனக்குத் தெரிந்த ஓர் அடுக்ககத்தில் லிஃப்ட் தரைமட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே நின்றுகொண்டிருந்தது. ஒரு பாட்டி தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. பராமரிப்புக்காரர்கள் வந்து சென்சாரை மாற்றினார்கள், பணம் வாங்கினார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி ஓர் அங்குலம். மறுபடி சென்சார், மறுபடி பணம். மூன்றாவது முறை ஒரு வயதான மெக்கானிக் வந்தார். ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, ஆள் ஏறினால் ஒரு அளவு, காலியாகப் போனால் ஒரு அளவு வித்தியாசம் இருக்கிறதே என்றார். சென்சார் கெட்டிருந்தால் எப்போதும் ஒரே அளவுதானே தவறும்? பிரேக் பட்டை தேய்ந்திருந்தது. காந்தம் சரியான இடத்தில் சொன்னது, கூண்டுதான் நிற்காமல் சறுக்கியது. உங்கள் லிஃப்ட் தரைக்குச் சமமாக நிற்கவில்லை என்றால், காலியாகவும் நாலு பேர் ஏறியும் இரண்டு முறை பார்த்துக் குறித்துக்கொண்டு அப்புறம் புகார் சொல்லுங்கள். அசோசியேஷன் கூட்டத்தில் பேச ஆதாரம் இருக்கும்.

இன்னும் ஒரு கோபம் மிச்சம் இருக்கிறது. அது பள்ளிக்கூடத்தின்மேல். என்னையும் சேர்த்துக்கொண்டுதான் சொல்கிறேன், நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம், எனக்கும் இதெல்லாம் ஓய்வுக்குப் பிறகு பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது. காந்தம் என்றால் லாட வடிவத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்த ஒன்று, அதன்மேல் இரும்புத்தூள், ஒத்த துருவங்கள் விலக்கும், வேற்றுத் துருவங்கள் ஈர்க்கும், மணி அடித்துவிடும். அத்தோடு காந்தம் முடிந்தது. அந்தப் பிள்ளை பத்து வருடம் கழித்துப் பட்டறையிலோ வண்டி மெக்கானிக் கடையிலோ நிற்கும்போது, மின்சார ஸ்கூட்டரின் மோட்டாருக்குள், காரின் ஏ.பி.எஸ். சக்கரத்துக்குள், தையல் மெஷின் சர்வோவுக்குள் எல்லாம் காந்தமும் அதைப் படிக்கும் உணரியும்தான் உட்கார்ந்திருக்கின்றன. அவனுக்கு அது பூட்டிய பெட்டி. கெட்டால் கழற்றி எறிந்து புதிது போடுவான்.

பாதி உணரிகளுக்கு அடிப்படையான விளைவைக் கண்டுபிடித்தவரே பள்ளிக்கூட வாத்தியார்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எட்வின் ஹால். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்துவிட்டு, பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குச் சேர்ந்தார். காந்தத்தின் நடுவே மின்னோட்டம் பாயும் கம்பியை வைத்தால் காந்தவிசை கம்பியின்மேல்தான், மின்னோட்டத்தின்மேல் இல்லை என்று மாக்ஸ்வெல் எழுதியிருந்ததைப் படித்தார். மாக்ஸ்வெல் என்றால் அந்தத் துறைக்குப் பெரிய மகான். அவர் எழுதியதை இவர் நம்பவில்லை. 1879-இல், 24 வயது நிறைவதற்குள், கண்ணாடிமேல் ஒட்டிய மெல்லிய தங்க இலையில் மின்னோட்டம் செலுத்திக் காந்தத்தின் நடுவே வைத்தார். பக்கவாட்டில் மின்னழுத்தம் தோன்றியது. தடிமனான உலோகத்தில் தென்படாதது தங்க இலையில் தென்பட்டது. எலக்ட்ரானைத் தாம்சன் கண்டறிந்தது 1897-இல்தான், அதற்கு 18 வருடம் முன்பே இது நடந்துவிட்டது. காந்தம் இருந்தால் உலோகத்தின் மின்தடை மாறும் என்பதை 1857-இலேயே கெல்வின் பிரபு பார்த்துவிட்டார். அந்த வழியில் வந்த பேருருக் காந்தமின்தடைக்குத்தான் 2007-இல் ஃபெர்ட்டுக்கும் குரூன்பெர்க்குக்கும் நோபல். ஆனால் எனக்கு ஹால்தான் ஹீரோ. ஏனென்றால் அவர் பிறகு ஹார்வர்டில் பேராசிரியர் ஆன பின்னும் பள்ளிக்கூடத்தை மறக்கவில்லை. அங்கே சேர வரும் பிள்ளைகள் பள்ளியிலேயே கையால் செய்து பார்த்திருக்க வேண்டிய இயற்பியல் சோதனைகளுக்குப் பட்டியல் தயாரித்தார்.

இன்று அவருடைய விளைவு அடங்கிய உணரி, மூன்று காலோடு, உளுந்து அளவில், ரிச்சி தெருவில் ஹோட்டல் காபி விலைக்குக் கிடைக்கிறது. ஒரு உணரி, ஒரு பேட்டரி, ஒரு மீட்டர், பழைய ஃபிரிட்ஜ் கதவு ரப்பரிலிருந்து உருவிய காந்தப் பட்டை. அதை மரச் ஸ்கேலில் ஒட்டி, உணரியை மெல்ல நகர்த்தினால் மீட்டர் முள் ஏறி இறங்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளையே வரைபடத்தாளில் அலையை வரைந்துவிடும். 'காந்தத்தால் தூரத்தை அளந்தோம்' என்று வீட்டில் போய்ச் சொல்லும். இரும்புத்தூளைக் கொட்டிவிட்டுப் பெருக்குவதைவிட இது நேரமும் குறைவு.

அதனால் ஒரு காரியம் செய்யலாம் என்று இருக்கிறேன். நம் பக்கத்து அரசுப் பள்ளிகளுக்கும் மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் கொடுக்க, இந்தச் சோதனைக்கான பெட்டி பத்து தயாரிக்கப் போகிறேன். காசு வேண்டாம். உங்கள் பரணில் கிடப்பவை போதும்: வேலை செய்யாத ஃபிரிட்ஜின் கதவு ரப்பர், பழைய முள் மீட்டர், உடைந்த மரச் ஸ்கேல், யாரிடமாவது பழுதான மின்சார ஸ்கூட்டர் மோட்டார் இருந்தால் அதுவும். பி.டி. ராஜன் சாலைப் பக்கம் வருகிறவர்கள் மாலை ஐந்துக்கு மேல் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம், வெளியூர்க்காரர்கள் கீழே கமென்டில் சொல்லுங்கள். சால்டரிங் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை வந்து உதவினால் நல்லது. டிபன் என் பொறுப்பு. பட்டறையில் இருக்கிறவர்கள் வரும்போது, வெட்டிப் போட்ட காந்தப் பட்டைத் துண்டு இருந்தால் கொண்டுவாருங்கள், ஒரு சாண் நீளம் போதும்.